லேசான குட்டி ரிவால்வர்: டெக்சாஸ்ல முதல் தடவை வாங்கிச் சுடப் போறவங்களுக்கு

நான் ஹூஸ்டன் பக்கம் கேட்டிங்கற ஊர்ல இருக்கேன். ஃபார்மசில வேலை, வாரத்துல மூணு நாள் ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல தனியா கார் ஓட்டிட்டு வீட்டுக்கு வரணும். கிரீன் கார்டு கைக்கு வந்த வருஷம் ஒரு கடைக்குப் போய்க் கேட்டப்போ கவுன்ட்டர்ல இருந்தவர் உள்ளங்கை அளவு ரிவால்வர் ஒண்ணை எடுத்து வெச்சு, லேடீஸுக்கு இதுதான் பொருத்தம், சின்ன கைக்குச் சின்ன துப்பாக்கின்னு சொன்னார், நானும் நம்பி வாங்கிட்டேன். ரேஞ்ச்ல முதல் அஞ்சு தோட்டால ஒண்ணு கூட ஏழு யார்டுல இருந்த பேப்பர்ல படல, கட்டை விரல் கிழிஞ்சு ரத்தம், அடுத்த ரெண்டு நாள் மணிக்கட்டைத் திருப்ப முடியல. அதுக்கப்புறம் ஒழுங்கா சுடக் கத்துக்க எட்டு மாசம் ஆச்சு, அதுல பாதி தப்பான இடத்துல ஆரம்பிச்சதால போன நாள்.

அதனால முதல்லயே சொல்லிடறேன். இது சுமக்கறதுக்கு ஈஸியான துப்பாக்கி, சுடறதுக்குக் கஷ்டமான துப்பாக்கி, ரெண்டுக்கும் காரணம் எடைதான். தோட்டாவோட உதை எல்லாத் துப்பாக்கிலயும் ஒண்ணுதான், கனமான துப்பாக்கி அதுல ஒரு பங்கை வாங்கிக்கும், லேசானது அப்படியே உங்க கைக்கு அனுப்பிடும். கீழ இருக்கற ஒவ்வொரு ஸ்டெப்பும் இதைச் சமாளிக்கறதுக்குத்தான்.

சட்டம் சம்பந்தப்பட்டது எல்லாம் டெக்சாஸுக்கு எழுதினது. நியூ ஜெர்சில கைத்துப்பாக்கி வாங்கவே தனியா பர்மிட் வேணும், கலிஃபோர்னியால பத்து நாள் காத்திருக்கணும். அங்க இருக்கறவங்க சுடற பகுதியை மட்டும் எடுத்துக்கோங்க.

1. முதல்ல உங்க விசா என்னன்னு பாருங்க

இதைப் பார்க்காம அடுத்த ஸ்டெப்புக்குப் போகாதீங்க. சிட்டிசனா இருந்தாலும் கிரீன் கார்டா இருந்தாலும் வாங்கறதுல பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1 மாதிரி விசால இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கறதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். விதிவிலக்கு ஒரு சிலதுதான், அதுல நம்ம ஆளுங்க அதிகமா சொல்றது செல்லுபடியாகற வேட்டை லைசன்ஸ் வெச்சிருந்தா பரவாயில்லங்கறது. அது சட்டத்துல இருக்கறதுதான், ஆனா லைசன்ஸ் காலாவதி ஆன அன்னைக்கே அந்தப் பாதுகாப்பும் போயிடும், அதனால இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட கேட்காம இந்த வழில போகாதீங்க.

ரேஞ்ச்ல வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் சுடறதும் "வெச்சிருக்கறது"லதான் சேரும். வீக்எண்ட்ல ஆஃபீஸ் ஃப்ரெண்ட்ஸோட கூட்டமா போய் ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடற பசங்களுக்கு இது தெரியறதே இல்ல, ஃபோட்டோ அழிஞ்சாலும் ரேஞ்ச்ல கையெழுத்து போட்ட பேப்பர் அங்கயே இருக்கும்.

கிரீன் கார்டு இருக்கறவங்க இன்னொண்ணையும் மனசுல வெச்சுக்கோங்க. துப்பாக்கி சம்பந்தப்பட்ட குற்றத்துல தண்டனை ஆச்சுன்னா அதுவே நாடு கடத்தக் காரணமா ஆகலாம். சிட்டிசனுக்கு அபராதத்தோட முடியற விஷயம் நமக்கு ஊர் திரும்பற விஷயமா ஆயிடும்.

2. வாங்கறதுக்கு முன்னாடி வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்க

நான் இதைப் பண்ணல, அதான் அடி வாங்கினேன். பெரும்பாலான இண்டோர் ரேஞ்ச்ல நின்னு சுடற இடத்துக்கு (லேன்) 20, 25 டாலர், துப்பாக்கி வாடகை 10லருந்து 20, தோட்டா தனி. ஒரே நாள்ல மூணு எடுங்க, இந்த வரிசைலயே. முதல்ல .22ங்கற மெல்லிசான தோட்டா போடற ரிவால்வர் ஒண்ணு, சத்தமும் உதையும் கம்மி, ட்ரிக்கர் எப்படி நகருதுன்னு மட்டும் புரியும். அடுத்தது எஃகுல செஞ்ச சின்ன ரிவால்வர், ரூகர் எஸ்பி101 மாதிரி, அது 26 அவுன்ஸ் பக்கம் வரும், முக்கால் கிலோ. கடைசியாத்தான் லேசானது. ஒரே .38 தோட்டாவை எஸ்பி101லயும் லேசானதுலயும் மாத்தி மாத்திச் சுடுங்க, எடை என்ன பண்ணுதுன்னு கை உடனே சொல்லிடும்.

ரெண்டாவதே போதும்னு தோணிச்சுன்னா அதையே வாங்குங்க, வீட்டுல மட்டும் வெச்சிருக்கப் போறீங்கன்னா லேசானதுக்கு அவசியமே இல்ல. தினமும் கூடவே எடுத்துட்டுப் போறவங்களுக்குத்தான் இந்த எடைக் குறைச்சல் உதவும்.

முடிஞ்சா ரிவால்வர் தெரிஞ்ச இன்ஸ்ட்ரக்டர் ஒருத்தரை ஒரு மணி நேரம் புக் பண்ணுங்க, நான் 80 டாலர் கொடுத்தேன், மூணு மாசமா நானே பழகிக்கிட்ட தப்பை அவர் இருபது நிமிஷத்துல கண்டுபிடிச்சார். புக் பண்றப்பவே ரிவால்வர் சொல்லித் தருவீங்களான்னு கேளுங்க, ஏன்னா இப்போ நிறைய பேருக்கு பிஸ்டல் (சுத்தற சிலிண்டர் இல்லாத கைத்துப்பாக்கி) மட்டும்தான் பழக்கம், பிஸ்டல் பிடியை ரிவால்வருக்குச் சொல்லிக் கொடுத்தா விரல் போயிடும் (ஆறாவது ஸ்டெப்ல வருது).

3. எதை வாங்கறது

அதிகமா கண்ணுல படறது ரெண்டுதான். ஒண்ணு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642, அலுமினியம் பாடி, 14.4 அவுன்ஸ், அதாவது 400 கிராம் சொச்சம், ரெண்டு இஞ்சுக்குக் கொஞ்சம் கம்மியான பேரல், அஞ்சு தோட்டா. இதோட கறுப்பு வடிவம்தான் 442. இன்னொண்ணு 2009ல வந்த ரூகர் எல்சிஆர், 13.5 அவுன்ஸ், இதுவும் அஞ்சு தோட்டாதான், ட்ரிக்கர் 642ஐ விடக் கொஞ்சம் வழுக்கிட்டுப் போகும். ரெண்டுலயும் தோட்டாவை அடிக்கற சுத்தியல் உள்ளயே மறைஞ்சிருக்கும், பையிலருந்து எடுக்கறப்போ துணில மாட்டாது. ஆனா அதனாலயே சுத்தியலைப் பின்னால இழுத்து வெச்சு லேசா சுடற வசதி கிடையாது, ஒவ்வொரு தடவையும் நீளமா, கனமா ட்ரிக்கரை இழுத்துத்தான் ஆகணும்.

ஸ்கேண்டியம், டைட்டானியம்னு சொல்லி 12 அவுன்ஸுக்கும் கம்மியா, .38ஐ விட பலமான .357 மேக்னம் தோட்டா சுடற மாடலும் இருக்கு, 340பிடி மாதிரி. விலை ரெண்டு மடங்கு. புதுசா கத்துக்கறவங்க அந்தப் பக்கமே போகாதீங்க. அதுல .357 போட்டு ஒரு தடவை சுட்டுப் பார்த்தேன், உள்ளங்கைல பிரம்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்படி ஒரு அடி வாங்கின கை அடுத்த தடவை ட்ரிக்கர்ல விரல் வெச்சதுமே பயப்பட ஆரம்பிச்சுடும், அந்தப் பயத்தை எடுக்கத்தான் மாசக்கணக்கு ஆகும்.

விரல்ல பலம் கம்மியா இருக்கறவங்க, வயசானவங்க .32 ஹெச் அண்ட் ஆர் மேக்னம் வகையைக் கேட்டுப் பாருங்க. அதே சின்ன உடம்புல ஆறு தோட்டா, உதையும் கம்மி. அதுல .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டாவும் போகும், நம்ம ஊர்ல லைசன்ஸ் வாங்கி வெச்சிருக்கறவங்க கையில இருக்கற ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி .32 ரிவால்வர் சுடறது இதே தோட்டாதான்.

4. கடை, படிவம், பேப்பர்

கொண்டு போக வேண்டியது இப்போ குடியிருக்கற அட்ரஸ் போட்ட டிரைவிங் லைசன்ஸ், அப்புறம் கிரீன் கார்டு. கார்டுல இருக்கற ஏ-நம்பரை ஏடிஎஃப் 4473ங்கற ஃபெடரல் படிவத்துல எழுதணும்.

இங்கதான் நம்ம ஆளுங்க நிறைய பேர் மாட்டறது. அபார்ட்மென்ட் மாறி வீடு வாங்கியிருப்போம், லைசன்ஸ்ல பழைய அட்ரஸே இருக்கும். அப்படி இருந்தா விக்க மாட்டாங்க. கரண்ட் பில், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் எடுத்துட்டுப் போனேன், எதுவும் செல்லல, அரசாங்கம் கொடுத்த பேப்பர்தான் வேணுமாம். கார் ரெஜிஸ்ட்ரேஷன்ல புது அட்ரஸ் இருந்தா லைசன்ஸோட சேர்த்து அதைக் காட்டலாம். அதை விட நல்லது லைசன்ஸையே மாத்திடறது, டெக்சாஸ்ல வீடு மாறின 30 நாளைக்குள்ள மாத்தணும்னு எப்படியும் விதி இருக்கு.

படிவத்துல ஒவ்வொரு கேள்வியையும் படிச்சுட்டு டிக் பண்ணுங்க, பின்னால நாலு பேர் நிக்கறாங்களேன்னு அவசரப்படாதீங்க. கஞ்சா கேள்விக்குத் தனி எச்சரிக்கையே போட்டிருக்கும், வேற மாநிலத்துல அது சட்டப்படி சரியா இருந்தாலும் ஃபெடரல்ல தப்புதான். உண்மையிலேயே வாங்கறவர் நீங்கதானான்னு ஒரு கேள்வி வரும். துப்பாக்கி வாங்க முடியாத ஒருத்தருக்காக அவர் காசுல நீங்க வாங்கிக் கொடுத்தா அது பெரிய குற்றம், அது சொந்தப் புருஷன் பொண்டாட்டியா இருந்தாலும் சரி.

அப்புறம் உங்களுக்கு விக்கலாமான்னு கடைக்காரர் எஃப்பிஐகிட்ட கேட்பார். பதில் மூணு விதம்: சரி, தாமதம், இல்லை. எனக்குத் தாமதம்னு வந்துச்சு, ஏதோ தப்பு பண்ணிட்டோமோன்னு ராத்திரி தூக்கமே இல்ல. பயப்பட ஒண்ணும் இல்ல, பேர் ஒத்துப்போறது, ரெக்கார்டு சரிபார்க்கறதுன்னு சாதாரணமா வர்றதுதான். மூணு வேலை நாள் முடிஞ்சும் பதில் வரலன்னா கடைக்காரர் கொடுக்கலாம், ஆனா கொடுத்தே ஆகணும்னு இல்ல, சில கடைல பதில் வர்ற வரைக்கும் தர மாட்டாங்க. காசு கட்டறதுக்கு முன்னாடியே உங்க கடையோட வழக்கம் என்னன்னு கேட்டுடுங்க. கேட்ட தேதிலருந்து 30 நாளைக்குள்ள வாங்கிடணும், இல்லன்னா திரும்ப முதல்லருந்து. ஒவ்வொரு தடவையும் தாமதம் ஆகுதுன்னா எஃப்பிஐகிட்ட விண்ணப்பிச்சு யூபின்ங்கற ஒரு நம்பர் வாங்கிக்கலாம், அடுத்த தடவை படிவத்துல அதை எழுதினா உங்களை வேற யாரோன்னு நினைக்க மாட்டாங்க.

செலவு. 642 எனக்கு 8.25 சதவீத வரியோட 500 டாலரைத் தாண்டிச்சு, எல்சிஆர் அதை விடக் கொஞ்சம் மேல. பெட்டகம், காது, கண் பாதுகாப்பு, முதல் மூணு மாசத் தோட்டா, லேன் வாடகை எல்லாம் சேர்த்தா துப்பாக்கி விலைக்கு மேலயே இன்னொரு பங்கு போயிடும். அந்தக் காசு கையில இல்லன்னா வாங்கறதைத் தள்ளிப் போடுங்க, வாங்கிட்டுப் பழகாம டிராயர்ல போட்டு வெக்கறதுதான் இருக்கறதுலயே மோசம்.

5. தோட்டா: பெட்டியைப் படிங்க

50 தோட்டா பெட்டி நான் வாங்கறப்போ 25லருந்து 35 டாலர். பெட்டி மேல ".38 ஸ்பெஷல்"னு இருக்கணும். பக்கத்துல "பிளஸ் பி"ன்னு இருந்தா அழுத்தம் கூடினது, 642 அதைத் தாங்கும், உங்க கை முதல் மாசம் தாங்காது. பழகறதுக்கு 148 கிரெயின் (குண்டோட எடை) வாட்கட்டர் கேளுங்க, முனை தட்டையா இருக்கும், வேகம் கம்மி, உதை நல்லாவே குறையும், பேப்பர்ல பஞ்சிங் மெஷின்ல குத்தின மாதிரி வட்டமா ஓட்டை விழும். எந்தக் கடைலயும் எப்பவும் இருக்காது, பார்த்தப்போ ரெண்டு பெட்டி சேர்த்து வாங்கிடுங்க. லேசான குண்டு போட்ட தோட்டாவா எடுத்தா குறிக்குக் கொஞ்சம் கீழ போய் விழும், அதைப் பார்த்துட்டு உங்க கை தப்புன்னு நினைச்சுக்காதீங்க.

.357 ரிவால்வர்ல .38 போகும். .38 ரிவால்வர்ல .357 போகாது, போட முயற்சி பண்ணவும் கூடாது.

லேசான ரிவால்வருக்குன்னே ஒரு வியாதி இருக்கு. நீங்க ஒண்ணு சுடறப்போ சிலிண்டர்ல (தோட்டா போடற சுத்தற உருளை) மிச்சம் இருக்கற தோட்டாங்களும் சேர்ந்து பின்னால உதை வாங்குது, அந்த உதைல சில தோட்டாவோட முன்பக்கக் குண்டு கூட்டுக்குள்ளருந்து கொஞ்சம் கொஞ்சமா வெளிய நகர்ந்து வரும், சிலிண்டரைத் தாண்டி நீட்டிக்கிட்டா அப்புறம் சிலிண்டர் சுத்தாது, துப்பாக்கி அப்படியே பூட்டிக்கும். 340பிடி பேரல்லயே 120 கிரெயினுக்குக் கம்மியான .357 குண்டு போடாதீங்கன்னு பொறிச்சிருக்கறது வேற காரணத்துக்கு, டைட்டானியம் சிலிண்டர் சீக்கிரம் அரிச்சுப் போகாம இருக்க. புது பிராண்ட் வாங்கினா நீங்களே பரிசோதிச்சுக்கலாம்: அஞ்சு போடுங்க, நாலு சுடுங்க, அஞ்சாவதை எடுத்து சுடாத புதுத் தோட்டா பக்கத்துல நிறுத்திப் பாருங்க. உயரம் கூடியிருந்தா அந்த பிராண்ட் உங்க துப்பாக்கிக்கு வேண்டாம்.

6. கையில எடுக்கறதும் பிடிக்கறதும்

எப்பவும் லோடு ஆகி இருக்குன்னே நினைச்சுக்கோங்க, சுட நினைக்காத எதைப் பார்த்தும் திருப்பாதீங்க, சுடற வரைக்கும் விரல் ட்ரிக்கர் பக்கம் போகக் கூடாது, குறிக்குப் பின்னால என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க. இந்த நாலுல குட்டி ரிவால்வருக்கு ரொம்ப முக்கியமானது ரெண்டாவது, ஏன்னா பேரல் அவ்வளவு குட்டை, மணிக்கட்டு லேசா திரும்பினாலே பேரலோட வாய் பக்கத்து ஆளைப் பார்த்திடும், உங்க இடது கைவிரலும் எப்பவும் அதுக்கு முன்னால வரத் தயாரா இருக்கும்.

எடுத்தவுடனே சிலிண்டரைத் திறங்க. ஸ்மித்ல இடது பக்கம் இருக்கற பொத்தானை முன்னால தள்ளணும், ரூகர்ல உள்ள அழுத்தணும். அஞ்சு அறையும் காலியான்னு கண்ணால பாருங்க, விரலாலயும் தொட்டுப் பாருங்க. மூடறப்போ சினிமால வர்ற மாதிரி ஒரு கையால வீசி டக்குன்னு மூடாதீங்க, சிலிண்டரைத் தாங்கற உலோகக் கை வளைஞ்சுடும், அப்புறம் சிலிண்டர் நேரா நிக்காது. ரெண்டு கையாலயும் மெதுவா தள்ளி மூடுங்க.

பிடி. வலது கை எவ்வளவு மேல போக முடியுமோ அவ்வளவு மேல, பின்பக்க வளைவு முழுக்கக் கைக்குள்ள இருக்கணும். கீழ பிடிச்சா ஒவ்வொரு உதைக்கும் துப்பாக்கி கைக்குள்ள உருளும், திரும்பத் திரும்பப் பிடியைச் சரி பண்ண வேண்டியிருக்கும். ரொம்ப மேல போனா ட்ரிக்கர் வளையத்தோட அடிப்பக்கம் நடுவிரல் முட்டில இடிக்கும், இடிச்சா ஒரு நூல் கீழ இறக்குங்க. வலது கட்டை விரலைக் கீழ மடக்கி, இடது கட்டை விரலை அதுமேல போட்டு இறுக்குங்க. கட்டை விரலை நேரா நீட்டி வெச்சா ஸ்மித்ல சிலிண்டர் பொத்தான் தோலைக் கிழிச்சுடும், என் விரல் கிழிஞ்சது இதாலதான்.

அதை விடப் பெரிய ஆபத்து, விரல் எதுவும் சிலிண்டருக்கு முன்பக்கம் போகவே கூடாது. சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல ஒரு நூலிழை இடைவெளி இருக்கு, சுடறப்போ அது வழியா சூடான வாயுவும் ஈயத் துணுக்கும் ரெண்டு பக்கமும் சீறி வரும். பிஸ்டல் மாதிரி கட்டை விரலை முன்னால நீட்டிப் பிடிச்சா விரல் வெந்துடும், மேக்னம் தோட்டாவா இருந்தா சதையையே பிய்க்கும்.

கூட வர்ற கிரிப் பெரும்பாலும் ரொம்பக் குட்டை, சுண்டு விரலுக்கு இடம் இருக்காது. பழகற மாசங்கள்ல பெரிய ரப்பர் கிரிப் ஒண்ணு வாங்கி மாட்டுங்க, 30 டாலருக்குள்ள முடியும், ஒரு ஸ்க்ரூதான். அப்புறம் வேணும்னா சின்னதுக்கு மாறிக்கலாம். நான் மாறவே இல்ல.

7. ட்ரிக்கர்: வீட்டுல காலியா வெச்சுப் பழகுங்க

642 ட்ரிக்கர் 12 பவுண்டு பக்கம் இழுக்கும். துப்பாக்கியே ஒரு பவுண்டு கூட இல்ல. தன்னை விடப் பத்து மடங்குக்கு மேல பலமா இழுத்தா எந்தப் பொருளும் ஆடத்தான் செய்யும், குறி தப்பறது பெரும்பாலும் இந்த ஆட்டத்தாலதான், கண்ணால இல்ல. இதைச் சரி பண்ண ரேஞ்ச்ல காசைக் கரைக்க வேண்டியதில்ல, வீட்டுலயே பழகலாம்.

எல்லாத் தோட்டாவையும் வேற ரூம்ல வெச்சுட்டு வாங்க. சிலிண்டரைத் திறந்து ரெண்டு தடவை பாருங்க. ஸ்னாப் கேப்ங்கற டம்மித் தோட்டா அஞ்சு போடுங்க, .38ங்கற மாதிரி நடுவுல அடிக்கற வகைல சும்மா கிளிக் பண்றதால ஒண்ணும் ஆகாது, ஆனாலும் டம்மி போட்டா லோடு பண்றதும் சேர்ந்து பழகும். .22ல டம்மி இல்லாம கிளிக் பண்ணாதீங்க, மேனுவலை முதல்ல பாருங்க. பக்கத்து வீட்டு ஆள் இல்லாத, தோட்டா தாண்டாத ஒரு திசையைத் தேர்ந்தெடுத்து, பேரல் நுனில இருக்கற முன்பக்கக் குறி மேல ஒரு பத்து சென்ட் காசைப் படுக்க வெச்சுட்டு, யாரையாவது வெச்சு விடச் சொன்னாலும் சரி, காசு விழாம ட்ரிக்கரை முழுசா இழுங்க. விரல் நுனியால இழுத்தா பலம் வராது, முதல் மடிப்பு ட்ரிக்கர்ல படணும். நடுவுல நிறுத்தாம ஒரே வேகத்துல இழுக்கணும், கிணத்துல தண்ணி இறைக்கறப்போ கயிறு வர்ற மாதிரி.

விடறதும் முக்கியம். ட்ரிக்கர் முழுக்க முன்னால போற வரைக்கும் விடணும். அவசரத்துல பாதி வந்ததும் திரும்ப இழுத்தா பூட்டிக்கும், இல்லன்னா சிலிண்டர் சுடாமலே ஒரு அறை தாண்டிடும். குட்டி ரிவால்வர்ல விரலுக்குப் பொய்யா ஒரு கிளிக் தெரியும், எல்சிஆர்ல அது நல்லாவே தெரியும், அதை நம்பி நிறுத்தாதீங்க.

தினமும் பத்து நிமிஷம், அம்பது தடவை போதும். முடிச்சதும் "முடிஞ்சுது"ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டுப் பெட்டகத்துல வெச்சுடுங்க. முடிச்சு லோடு பண்ணினப்புறம் இன்னும் ஒண்ணே ஒண்ணுன்னு திரும்ப எடுக்கறப்போதான் வீட்டுச் செவுத்துல ஓட்டை விழுது.

8. ரேஞ்ச்ல முதல் ரெண்டு மாசம்

காதுக்கு ரெண்டு அடுக்கு போடுங்க, உள்ள பஞ்சு மாதிரி பிளக், மேல மஃப். குட்டி பேரல் .38 சத்தம் 150 டெசிபெலைத் தாண்டும், இண்டோர்ல கூரை திருப்பி அடிக்கும், காது போனா திரும்ப வராது. கண்ணாடி கட்டாயம். கழுத்து மூடின சட்டை போடுங்க, பக்கத்து லேன்ல பிஸ்டல் துப்பற சூடான கேஸ் (சுட்டு முடிச்ச தோட்டாவோட காலிக் கூடு) உள்ள விழுந்தா துப்பாக்கி கையில இருக்கறதே மறந்து துள்ளிடுவோம். கர்ப்பமா இருக்கறவங்க சத்தம், ஈயப் புகை ரெண்டுக்காகவும் ரேஞ்சுக்கே போகாதீங்க.

பேப்பரை மூணு யார்டுல மாட்டுங்க. கிட்டன்னு வெக்கப்படாதீங்க. அஞ்சு தோட்டாவும் உள்ளங்கை அளவுல விழுந்தா அஞ்சு யார்டு, அப்புறம் ஏழு. முன்பக்கக் குறி சின்ன மேடு, பின்பக்கம் வெறும் பள்ளம், ரெண்டும் ஒரே நிறம், மங்கின வெளிச்சத்துல ஒண்ணுமே தெரியாது. மேட்டு மேல முதல்ல வெள்ளை நெயில் பாலிஷ், காஞ்சதும் அதுமேல ஆரஞ்சு. இவ்வளவுதான் செலவு, எனக்கு இது பண்ணின உதவி எந்த விலை உயர்ந்த சாமானும் பண்ணல.

குண்டு எப்பவும் கீழயும் இடதுபக்கமுமா போகுதுன்னா (வலது கைக்காரங்களுக்கு) சத்தம் வர்றதுக்கு முன்னாடியே உங்க கை பதறிக் கீழ இழுக்குதுன்னு அர்த்தம். ரிவால்வர்ல இதைப் பிடிக்க அருமையான வழி இருக்கு. மூணு நிஜத் தோட்டாவும் ரெண்டு டம்மியும் கலந்து போட்டு, பார்க்காம சிலிண்டரைச் சுத்தி மூடுங்க. டம்மி வர்றப்போ வெறும் கிளிக், அந்த நேரம் வாய் முன்னால குனிஞ்சா உங்க கண்ணுக்கே தெரிஞ்சுடும். முதல் நாள் எனக்கு ஒவ்வொரு டம்மிக்கும் குனிஞ்சுது. ஒரு நாளைக்கு ரெண்டு பெட்டி சுடறதை நிறுத்திட்டு 30 தோட்டா மட்டும், பாதிக்கு டம்மி கலந்துன்னு மாத்தினப்புறம்தான் அது குறைஞ்சுது. கை வலிக்க ஆரம்பிச்சா அன்னைக்கு நிறுத்திடுங்க, வலியோட சுடற ஒவ்வொண்ணும் பயத்தைத்தான் கத்துக் கொடுக்கும்.

நிஜத் தோட்டான்னு போட்டது கிளிக்னு மட்டும் சொல்லிச்சுன்னா முப்பது செகண்டு அப்படியே குறி பக்கம் பிடிச்சுட்டு நில்லுங்க, தாமதமா வெடிக்கலாம். சத்தம் வழக்கத்தை விடச் சின்னதா "புஸ்"னு வந்தா அடுத்ததைச் சுடவே சுடாதீங்க, குண்டு பேரல்லயே மாட்டியிருக்கலாம், ரேஞ்ச் ஆளைக் கூப்பிடுங்க.

9. காலி கேஸை எடுக்கறதும் திரும்பப் போடறதும்

எடுக்கறப்போ வாய் மேல, போடறப்போ வாய் கீழ. இது ஒண்ணை மட்டும் கைக்குப் பழக்கிடுங்க. குட்டி ரிவால்வர்ல தள்ளுற கம்பி குட்டை, கேஸை முழுசா வெளிய தள்ளாது, அதனால வாயை நேரா மேல தூக்கி உள்ளங்கையால கம்பியை ஒரே அடி, பலமா. மெதுவா தள்ளினா ஒரு கேஸ் அந்தக் கம்பியோட சேர்ந்து கேஸைத் தள்ளற நட்சத்திரத் தகட்டுக்கு அடில போய் மாட்டிக்கும், ஆணியை விட்டு நோண்டாம எடுக்க முடியாது. எரியாத மருந்துத்தூளும் வாய் மேல இருந்தாத்தான் கீழ கொட்டும், இல்லன்னா அதே தகட்டுக்கு அடில சேர்ந்து சிலிண்டர் மூடாது. வீட்டுக்கு வந்ததும் பழைய டூத் பிரஷ்ல அந்தத் தகட்டுக்குக் கீழ தேய்ச்சுடுங்க, மத்தபடி மாசம் ஒரு தடவை சாதாரணச் சுத்தம் போதும். டைட்டானியம் சிலிண்டரா இருந்தா சொரசொரப்பான எதையும் போட்டுத் தேய்க்காதீங்க.

கையைப் பச்சைத் தண்ணில சோப்பு போட்டுக் கழுவுங்க, வெந்நீர் வேண்டாம். அதுக்கு முன்னாடி எதையும் சாப்பிடாதீங்க, குழந்தையைத் தூக்காதீங்க. சட்டையைத் தனியா துவைங்க.

10. வீட்டுல யார் யார் இருக்காங்க

டெக்சாஸ்ல 17 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளை கைக்கு எட்டற மாதிரி லோடு பண்ணின துப்பாக்கியை வெச்சு, அது பிள்ளை கைக்குப் போயிடுச்சுன்னா அது குற்றம். இது எல்லாருக்கும் தெரிஞ்சது. நம்ம வீடுகள்ல இன்னொண்ணு இருக்கு. நீங்க கிரீன் கார்டு, உங்க வீட்டுக்காரரோ மனைவியோ இன்னும் ஹெச்-4, ஊர்லருந்து அப்பா அம்மா பி-2ல ஆறு மாசம் வந்திருக்காங்க. அவங்க யாரும் துப்பாக்கி வெச்சிருக்கக் கூடாதவங்க. டிராயர்ல சும்மா கிடந்தா, அவங்களுக்கும் சாவி தெரிஞ்சா, அதை அவங்க வெச்சிருந்ததாவே எடுத்துக்க இடம் இருக்கு. அதனால நம்பர் போடற சின்னப் பெட்டகம், நம்பர் உங்களுக்கு மட்டும். எனக்கு 130 டாலர் ஆச்சு. மாமியார் கேட்டாலும் நம்பர் சொல்லாதீங்க, ஏன்னு உட்கார வெச்சு விளக்குங்க, புரிஞ்சுப்பாங்க.

ஹேண்ட்பேக்ல மத்த சாமானோட சேர்த்துப் போடாதீங்க. ட்ரிக்கரை முழுசா மூடற உறை வேணும், அந்த அறைல வேற எதுவும் இருக்கக் கூடாது, லிப்ஸ்டிக் மூடி கூட ட்ரிக்கர்ல மாட்டும். பேக்கை நாற்காலில மாட்டிட்டு எழுந்து போற பழக்கம் இருந்தா பேக்ல வெக்கவே வேண்டாம்.

11. லைசன்ஸ், அப்புறம் எங்க எடுத்துட்டுப் போகக் கூடாது

2021 செப்டம்பர் 1லருந்து டெக்சாஸ்ல 21 வயசான, தடை எதுவும் இல்லாதவங்க லைசன்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துட்டுப் போகலாம். இருந்தாலும் லைசன்ஸ் வாங்குங்கன்னுதான் சொல்லுவேன். விண்ணப்பக் கட்டணம் 40 டாலர், கிளாஸுக்கும் கைரேகைக்கும் தனி. அடுத்த தடவை துப்பாக்கி வாங்கறப்போ எஃப்பிஐ தாமதமும் இருக்காது. பேப்பர் எல்லாம் சரியா போனா 60 நாள்னு கணக்கு வெச்சுக்கோங்க. தேர்வு 50 தோட்டா, 3, 7, 15 யார்டுல, மொத்தம் 250 மார்க், 175 எடுத்தா பாஸ். குட்டி ரிவால்வர்லயே எடுக்கலாம், 15 யார்டுலதான் திணறும், அதுக்கு முந்தின மாசம் அந்தத் தூரத்தைத் தனியா பழகிடுங்க.

வாசல்ல துப்பாக்கியோட உள்ள வரக் கூடாதுன்னு சொல்ற 30.05, 30.06, 30.07 (சட்டப் பிரிவு நம்பர்) போர்டு இருக்கான்னு பாருங்க, அது கோயிலா இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரியா இருந்தாலும் சரி. பள்ளிக்கூடம், போஸ்ட் ஆஃபீஸ் கூடாது. பயோமெட்ரிக்ஸுக்கோ சிட்டிசன்ஷிப் இன்டர்வியூவுக்கோ யூஎஸ்சிஐஎஸ் ஆஃபீஸ் போற அன்னைக்கு வீட்டுலயே வெச்சுட்டுப் போங்க, அது ஃபெடரல் கட்டடம்.

கடைசியா ஊருக்குப் போறது. ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போற பேக்கையே பயணத்துக்கும் எடுக்காதீங்க. ஜிப்புக்குள்ள ஒரே ஒரு தோட்டா மறந்து கிடந்தாலும் இந்தியால அது 1959 ஆயுதச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாம வெச்சிருந்ததுதான், சென்னை ஏர்போர்ட்ல ஸ்கேனர்ல தெரிஞ்சா போலீஸ் வரும், தெரியாம வந்துடுச்சுன்னு நிரூபிக்கக் கோர்ட்டுக்கு அலையணும், திரும்பற டிக்கெட் போயிடும். காலி கேஸைக் கூட ஞாபகத்துக்குன்னு எடுத்துட்டுப் போகாதீங்க. நான் ரேஞ்சுக்குன்னு சிவப்புல ஒரு பேக் வெச்சிருக்கேன், வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன், அந்தச் சிவப்பு பேக் கராஜை விட்டு ஏர்போர்ட் பக்கம் போகவே கூடாதுன்னு.